புனிதர்கள் பெயர் வைத்த கவுண்டி

பங்கு மக்கள் எல்லோருக்கும் அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து லாரி சூசை சொல்லிக்கொள்வது. எழுதுவது என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாலாம் வகுப்பில் வாத்தியார் பிரம்புக்குப் பயந்து ஓடியவன் நான். பிறகு ரோட்டோர மைல்கல்லைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். நான் போனில் பேசி அனுப்புகிறேன், நம் பங்கு இதழ் நடத்தும் தம்பி அதைக் கேட்டு, கொச்சையையெல்லாம் கழுவி அச்சில் போடுகிறார். அவருக்குப் புண்ணியம்.

செபமாலை மாதத்து அக்டோபர் இதழில் என் பேத்தி ஜெனியைப் பற்றிச் சொல்லியிருந்தேன். கனடாவில் பிரெஞ்சு பேசும் ஒரு கவுண்டியில் வேலைக்குப் போயிருக்கிறாள், அந்த ஊர்ச் சாமியார் அவளைச் சொந்தப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்கிறார், பாடற்குழுவில் சேர்த்திருக்கிறார் என்று. நீங்களும் அதைப் படித்துவிட்டு நன்றிப் பூசை வைத்தீர்கள். சவரியாயி மகன், தன் பையனையும் அந்தப் பக்கம் அனுப்பலாமா என்று கேட்டு எனக்குப் போன் போட்டான்.

அந்தச் செய்தி சரியில்லை. எது சரியில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் எதையும் ஒரே வரியில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வண்டி கிளம்பின இடத்திலிருந்துதான் வர முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1

ஜெனியின் இருபத்தோராவது பிறந்தநாள் இந்த ஆகஸ்டில் வந்தது. இந்த நாட்டில் அந்த வயதைப் பெரிய கொண்டாட்டமாக வைத்திருக்கிறார்கள். அவளோடு படித்த பிள்ளைகள் எங்கள் அப்பார்ட்மெண்ட் கதவுப் பிடியில் ஒரு பலூனைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இருபத்தொன்று என்ற எண் வடிவில், ஆள் உயரத்துக்கு, தங்கக் கலரில். மருமகள் மெர்சி அதை அவிழ்த்து வந்து துணி அலமாரிக்குள் திணித்தாள். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது மெல்ல எழும்பி வெளியே வந்து கூரையில் முட்டிக்கொண்டு நின்றது.

"அத ஒரு ஊசிய வெச்சிக் குத்திவிட்ரும்மா" என்றேன்.

"பொறந்தநாள் பலூனக் குத்தக் கூடாது மாமா" என்றாள். சொல்லிக்கொண்டே அழுதாள்.

அழுகைக்குக் காரணம் இதுதான். என் மகன் அருள் இங்கே இருப்பது வேலை விசாவில். மெர்சியும் ஜெனியும் அவன் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். பிள்ளைக்கு இருபத்தொன்று ஆகிற அன்றைக்கு அந்த வால் அறுந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வந்துவிட்டால் தப்பித்தோம். ஜெனி பல் விழுந்து முளைத்த காலத்தில் போட்ட விண்ணப்பம் அது. நம் ஊர்ச் சப்பரம் ஒரு தெருவுக்கு ஒரு மணி நேரம் எடுத்தாலும் அடுத்த தெருவுக்கு வந்து சேர்ந்துவிடும். இந்த வரிசை நகர்ந்து நான் பார்த்ததில்லை. மாணவர் விசாவுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார்கள், அதுவும் தள்ளுபடி.

நாலு வயதில் மெர்சி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் இங்கேதான். நம் ஊர் என்றால் அவளுக்குக் கொசுவும் என் வீட்டுக் கக்கூசும்தான் ஞாபகம். தமிழில் சொன்னால் எல்லாம் விளங்கும், பதில் இங்கிலீஷில் வரும். அவளைப் பிடித்து, பிறந்த நாட்டுக்குப் போ என்றால் எங்கே போவாள்? அங்கே வந்தால் என்னைத் தவிர அவளுக்கு யாரையும் தெரியாது. எனக்கு எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது.

போன குளிர்காலத்திலேயே இதை யோசித்து அருள் கனடாவில் வேலை தேடச் சொன்னான். தேடினாள். ஒரு பாலாடைக்கட்டி ஆலையில், பாலைச் சோதிக்கிற கூடத்தில் வேலை கிடைத்தது. ஆலைக்காரர்களே வேலைப் பத்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஆறுதல், கனடா என்றால் காரில் போகிற தூரம். அந்த ஆறுதல் எவ்வளவு தூரம் ஓடும் என்று அப்போது தெரியாது.

பிறந்தநாளன்று மெர்சி கேக் வாங்கவில்லை. ஜெனிதான் கடைசியில் பலூனை அலமாரியிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கத்தில் கட்டினாள்.

"இட்ஸ் ஜஸ்ட் எ நம்பர், அம்மா" என்றாள்.

2

லாரித் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புது லைனுக்கு, அதாவது பழகாத பாதைக்கு, ஒருவனைத் தனியாக விடமாட்டோம். தெரிந்த ஆள் ஒருவன் கிளீனர் சீட்டில் உட்கார்ந்து ஒரு நடை கூடப் போவான். ஸ்டியரிங்கைத் தொடமாட்டான், திட்டவும் மாட்டான். எங்கே தண்ணீர், எந்த வளைவு ஆளைக் கொல்லும், வண்டி நின்றுபோனால் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று சொல்லிக்கொண்டே வருவான். அந்த மூன்றும் தெரிந்தவனுக்கு லைன் பழகிவிட்டது என்று அர்த்தம். கூடப் போக ஆள் இல்லாவிட்டால், கிளம்புமுன் நாலு பேரிடம் கேட்டாவது அந்த மூன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே ஒரு மத்தியானம் ஜெனியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பெரிய போன் போல ஒரு பலகை வைத்திருக்கிறாள், அதில் வரைபடம் வந்தது.

"மொதல்ல தண்ணி எங்கன்னு காட்டு."

"வாட் தண்ணி?"

"ஆறு, கொளம், ஏதோ ஒண்ணு. தண்ணி இல்லாத எடத்துல சனம் எப்படிட்டி இருக்கும்?"

காட்டினாள். கவுண்டியின் மேற்கே பெரிய ஆறு ஒன்று தெற்கு வடக்காகப் போகிறது. ஆற்றங்கரை முழுக்கச் சமநிலம். அங்கே வயலை நம்மைப்போலச் சதுரமாக வெட்டவில்லை. ஆற்றிலிருந்து ஆரம்பித்து, நாடா நாடாக, ஒல்லியாக, நீளமாக உள்ளே போகிறது ஒவ்வொருவன் நிலமும். அந்தக் காலத்தில் ஆறுதான் ரோடு, அதனால் எல்லோருக்கும் ஒரு துண்டு கரை வேண்டும் என்று அப்படி வெட்டினார்களாம். நியாயமான ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீடுகள் எல்லாம் நாடாவின் ஒரு முனையில், ஒரே ரோட்டில், தூரத் தூர. கிழக்கே போகப் போக நிலம் ஏறி, காடு வருகிறது. அதற்கும் அப்பால் ஏரிகள். குளிர்காலத்தில் ஏரி கல்லாகிவிடும், அதன்மேல் வண்டியை ஓட்டிப்போய்க் குடிசை போட்டு, ஓட்டை குத்தி மீன் பிடிப்பார்கள் என்று படம் காட்டினாள். இதை நம் கடற்கரையில் சொன்னால் என்னைக் கல்லால் அடிப்பீர்கள்.

கவுண்டி என்பது நம் ஒன்றியம் மாதிரி. நடுவில் ஒரு டவுன், அதில்தான் ஆஸ்பத்திரியும் ஆலையும். சுற்றிலும் சின்னச் சின்ன ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தலைவர், ரோடும் குப்பையும் மட்டும் எல்லோருக்கும் பொது.

"சனம்?" என்றேன்.

"நாட் மெனி, தாத்தா. மோஸ்ட்லி ஃப்ரெஞ்ச்."

ஏறக்குறைய எல்லோருமே பிரெஞ்சுதான். இங்கிலீஷ் பேசுகிற குடும்பம் அங்கொன்று இங்கொன்று. கோடைக்கு வயல் வேலைக்குத் தெற்கத்தி நாட்டு ஆட்கள் விமானத்தில் வந்து, அறுப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். பாஷை விஷயத்தில் ரொம்பக் கறாரான ஆட்கள், கடைப் பலகையெல்லாம் அவர்கள் எழுத்தில்தான். அதில் எனக்கு வருத்தமில்லை, நாமும் அப்படித்தானே. ஆனால் அங்கே இளவட்டம் எல்லாம் பெரிய பட்டணத்துக்குப் போய்விட்டதாம். வயதானவர்கள் நாடா நாடாக நிலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். அதனால்தான் ஆலைக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் இந்தப் பிள்ளைக்கு வேலை கிடைத்தது. அவர்கள் வீட்டுப் பிள்ளை விட்டுப்போன இடத்துக்கு எங்கள் வீட்டுப் பிள்ளை போகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் விட்டுவந்த இடத்துக்கு யார் போவார்கள் என்று தெரியவில்லை.

"ஊர்ப் பேர ஒவ்வொண்ணா வாசி."

வாசித்தாள். பிரெஞ்சில் மூக்கால் சொன்னாள். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. "சென் ஜோசெஃப்" என்றபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"செயிண்ட் ஜோசப்பா? ஏட்டி, அது சூசையப்பரு! எம் பேரு!"

அடுத்தது அன்னம்மாள். அதற்கு அடுத்தது மார்த்தம்மாள். பிறகு ஞானப்பிரகாசியார், லூசியம்மாள், அந்தோனியார். வரைபடம் முழுக்கப் புனிதர்கள். ஒரு பிள்ளையார்பட்டி, ஒரு முத்தையாபுரம் கிடையாது. அவள் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அன்றைக்குத்தான் சிரித்தோம். ஆலை இருக்கும் டவுனுக்கும் ஒரு புனிதர் பெயர்தான். நடுவில் கல்லால் கட்டின பெரிய கோயில், வெள்ளிக் கலரில் கூம்பு. படத்தில் பார்த்தேன்.

எனக்கு மூன்றாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. எந்தக் கதவைத் தட்டுவது? சாமியார் பங்களாக் கதவைத்தான். உங்களுக்குச் சொல்ல வேண்டாம், தெரியாத ஊரில் நாம் முதலில் தேடுவது எது? ஒருமுறை ஓசூர் தாண்டி எனக்குக் காய்ச்சல் கண்டு, வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிலுவை தெரிந்த திசையில் நடந்தேன். சாமியார் கன்னடத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். கஞ்சி வந்தது, மாத்திரை வந்தது, வண்டிக்குக் காவல் இருக்கக் கோயில் உபதேசியார் போனார். பாஷை வேண்டியிருக்கவில்லை.

அருள் அப்போதே சொன்னான். "அப்பா, அங்கெல்லாம் இப்ப யாரும் சர்ச்சுக்குப் போறதில்லன்னு சொல்றாங்க."

"போலே. ஊருக்கே சூசையப்பர்னு பேர் வெச்சவன் கோயில விடுவானா?"

 எனக்கு இனி என்ன சொல்வது என்று அவன் விட்டுவிட்டான்.

3

நான் கூடப் போவது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு நடை. இரண்டு வாரம் அவளோடு இருந்து, அறையைப் பார்த்து, சாமியாரைப் பார்த்து, ஒப்படைத்துவிட்டு வரவேண்டும். ஏனென்றால் அருளும் மெர்சியும் போக முடியாது. அருளின் விசா நீட்டிப்பு இன்னும் கைக்கு வரவில்லை. அது வருகிறவரை ஒரு காலைக்கூட எல்லைக்கு வெளியே வைக்காதே, வைத்தால் திரும்பி வரமுடியாது, வீடு வேலை எல்லாம் போய்விடும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெற்றவர்களுக்கு வழி இல்லை. ஆறு மாதம் இங்கே ஆறு மாதம் அங்கே என்று அலைகிற கிழவனுக்கு என்ன தடை என்று நினைத்தேன்.

கனடாவுக்குத் தனி விசா வேண்டும். கைரேகை கொடுக்கப் போனோம். நாற்பது வருடம் ஸ்டியரிங்கும் கிரீசும் தேய்த்த விரல்கள், கண்ணாடியில் வைத்தால் மெஷினுக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்த பெண் நம் பக்கத்து முகம். ஈரத் துணி கொடுத்து, "ட்ரை ஒன்ஸ் மோர், அங்கிள்" என்று எத்தனை தரம் சொன்னாளோ. கடைசியில் கட்டைவிரலை அவளே பிடித்து அழுத்தினாள்.

பதில் அருளின் போனுக்கு வந்தது. அவன் சாப்பாட்டு மேஜையில் வாசித்தான்.

"இல்லன்னுட்டாங்கப்பா."

"ஏமுல?"

"விசிட் முடிஞ்சதும் நீங்க திரும்பிப் போவீங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை இல்லையாம்."

"நானா? வருசா வருசம் திரும்பித் திரும்பிப் போறதுதாம்ல எனக்கு வேல. என்னயவிடத் திரும்புற ஆளு எவன் இருக்கான்?"

"ஊர்ல உங்களுக்குன்னு பெருசா ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்காங்க." அதைச் சொல்லிவிட்டு அவன் தட்டைப் பார்த்தான். என் வீட்டுக்காரி, உங்கள் அத்தை, கண்ணை மூடின பிறகு அது பொய் என்று நானும் சொல்லவில்லை.

எங்கள் அப்பார்ட்மெண்ட் குளத்தைச் சுற்றி நான் பழனிச்சாமியோடு நடப்பது வழக்கம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர், என்னைப்போல மகன் வீட்டுக்கு வந்திருப்பவர். அவரிடம் சொன்னேன். அவர் நின்றார். குளக்கரைப் புல்லில் கழுத்துக் கறுத்த வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. கனடா வாத்து என்று பெயர்.

"பாருங்க சூசையண்ணா. இதுகளுக்கு மட்டும் ஒரு நாதாரியும் விசாக் கேக்கறதில்லீங்க. வருது, திங்குது, ரோடெல்லாம் பேண்டு வெக்கிது, போகுது."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய பேத்திக்கும் வயது ஏறிக்கொண்டே வருகிறது.

"நம்ம காலத்துல புள்ளைக்கு வயசு வந்தா கல்யாணத்த நெனச்சுத்தானுங்க பயந்தோம்" என்றார். "இங்க பொறந்தநாளுக்கே பயப்பட வேண்டிதாப் போச்சு."

4

செப்டம்பரில் அவளைக் கொண்டுபோய் விட்டோம். எல்லைக்கு முந்தின கடைசி ஊர்வரை காரில், அங்கிருந்து அவள் பஸ்ஸில். நியூயார்க்கிலேயே பஸ் ஏற்றியிருக்கலாம். ஆனால் கூட வரக்கூடிய கடைசி அங்குலம்வரை வருவேன் என்று மெர்சி பிடிவாதம் பிடித்தாள்.

வடக்கே போகப் போக ஃப்ரீவே காலியாகிக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் மலை, மலை முடிந்ததும் சமநிலம், மக்காச்சோளம். காரில் இட்லிப்பொடி வாசனை. ஊறுகாய், பொடி, நெய் என்று மெர்சி ஒரு கடையையே கட்டியிருந்தாள். அந்தப் பையைப் பார்த்து ஜெனி, "அம்மா, தே ஹாவ் ஃபுட் தேர்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எல்லை நெருங்கியபோது அருள் வேகத்தைக் குறைத்தான். கடைசி எக்ஸிட்டைத் தவறவிட்டால் ரோடு நேராக எல்லைக்குள் கொண்டுபோய்விடும், திரும்ப வழி கிடையாது. வழி தவறி அந்தப் பக்கம் போய்விட்ட ஆளின் கதைகள் எங்கள் வீட்டில் பேய்க்கதை மாதிரி. பின்னால் வந்த டிரக் ஹாரன் அடித்தான். அருள் ஓரத்து லேனில் ஊர்ந்துகொண்டே இருந்தான்.

"அடுத்ததா? அடுத்ததான்னு பாரு மெர்சி."

"இன்னும் ரெண்டு இருக்குங்க."

"நல்லாப் பாத்து சொல்லு!"

மலைப்பாதையில், மழையில், பிரேக் பிடிக்காத வண்டிகளில் எல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நல்ல காரில், நல்ல ரோட்டில், பட்டப்பகலில் ஒருவன் இப்படிப் பயந்து ஓட்டிப் பார்த்ததில்லை.

பஸ் நிற்கும் இடம் ஒரு பெட்ரோல் பங்க். அரை மணி நேரம் இருந்தது.  அருள், "போன்ல சார்ஜ் இருக்காம்மா?" என்று கேட்டான். இருக்கு என்றாள். மறுபடி கேட்டான். மறுபடி இருக்கு என்றாள்.

நான் என் பங்குக்குச் சொன்னேன். "பஸ்ஸ விட்டு எறங்குனதும் ரூமுக்குப் போவாத. நேரா கோயிலுக்குப் போ. பக்கத்துல சாமியார் பங்களா இருக்கும். தட்டி, நான் இன்னாரு, இன்ன எடத்துலருந்து தனியா வந்திருக்கேன்னு சொல்லு. அவரு மத்ததப் பாத்துக்கிடுவாரு."

"ஓகே, தாத்தா."

"ஓகேங்காத. செய்வியா?"

"செய்யறேன்." அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் சொன்னாள்.

அவள் நெற்றியில் சிலுவை போட்டேன். பஸ் வந்தது. டிரைவர் பெட்டிகளை அடியில் தள்ளினான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டவில்லை, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். பஸ் திரும்பி, அதே சமநிலத்தில், அதே மக்காச்சோளத்துக்கு நடுவில் போனது. அந்தப் பக்கமும் அதே வயல்தான். எங்கே அமெரிக்கா முடிகிறது என்று தரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அருள் காரில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அப்பா, நீங்க ஓட்டுறீங்களா?" என்றான்.

எனக்கு இந்த நாட்டில் லைசென்ஸ் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். அவன் சின்னப் பையனாக என் லாரியில் வந்தபோது தூக்கம் வந்தால் இப்படித்தான், கையிலிருந்த விளையாட்டு ஸ்டியரிங்கை என்னிடம் நீட்டுவான். நான் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மெர்சி இறங்கி வந்து ஓட்டினாள்.

5

அதற்குப் பிறகு போன்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் என்னைக் கூப்பிடுவாள்.

"சாமியாரப் பாத்தியா?"

"யா, தாத்தா."

"நல்லவரா?"

"வெரி நைஸ்."

"வயசானவரா இருப்பாரோ?"

"யா, லைக் யூ."

"நீ பாடுவன்னு சொன்னியா? பாட்டுக் குழுவுல சேத்துக்கிட்டாரா?"

"யா. ஹி டிட்."

இதைத்தான் செபமாலை மாத இதழுக்குச் சொன்னேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. எல்லாம் என் கேள்விக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் ஒரு சாமியாரைக் கட்டிக் கட்டிக் கொடுத்தேன், அவள் ஆமாம் ஆமாம் என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஊருக்கு விமானம் வருகிற சனிக்கிழமை. போகுமுன் அந்தச் சாமியாருக்கு ஒரு வார்த்தை ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. போன ஞாயிறு அவள் கூப்பிட்டபோது படம் தெரிகிற மாதிரிக் கூப்பிடச் சொன்னேன். அவள் முகம் வந்தது. முகம் வற்றியிருந்தது. பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம், ஏதோ பொத்தென்று விழும் சத்தம்.

"எங்க இருக்க?"

"சர்ச்ல."

"பெறகென்ன? சாமியார்ட்ட போனக் குடு. ஒரு நிமிசம்."

"ஹி இஸ் பிஸி, தாத்தா."

"பரவால்ல, நிக்கேன்."

"தாத்தா, ப்ளீஸ்."

"ஏட்டி, நான் ஊருக்குப் போறேன். அடுத்து வருவனா மாட்டனான்னு கர்த்தருக்குத்தான் தெரியும். குடு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பினாள்.

கோயில்தான். படத்தில் பார்த்த அதே கல், அதே உயரம், அதே கலர்க் கண்ணாடி ஜன்னல். பெஞ்சுகள் இல்லை. தரை முழுக்கத் தடித்த நீல மெத்தை. பீடம் இருந்த இடத்தில் கூரைவரை ஒரு பலகைச் சுவர், அதில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கல்மாதிரிப் பிடிகள். இடுப்பில் கயிறு கட்டின பிள்ளைகள் பல்லிமாதிரி அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் கையை விட்டான், கயிற்றில் தொங்கிக்கொண்டு சிரித்தபடி இறங்கினான். புனிதர் சுரூபங்கள் இருந்த மாடங்களில் காலணிகள் அடுக்கியிருந்தன. ஏறுகிற விளையாட்டுக்கு வாடகைக்குக் கொடுக்கிற காலணிகள்.

"எப்பலருந்து இப்படி?"

"லாங் டைம், தாத்தா. பிஃபோர் ஐ கேம். தே சோல்ட் இட்." வாங்க ஆள் இல்லாத கோயில்களைப் பூட்டிப் போட்டிருக்கிறார்களாம். சூசையப்பர் ஊரில் இருப்பதும் பூட்டித்தான் கிடக்கிறதாம். எல்லா ஊருக்கும் சேர்த்து எங்கேயோ தூரத்தில் ஒரே ஒரு சாமியார், பூசை எப்போதாவது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஃபர்ஸ்ட் டே. ஐ கேம் ஹியர் ஃபர்ஸ்ட், லைக் யூ செட். வித் ஆல் மை பேக்ஸ்."

பெட்டியும் பொடிப் பையுமாக, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அந்தக் கதவைத்தான் தட்டியிருக்கிறாள். நான் சொன்னபடி. கதவைத் திறந்தவர்கள், ஏறுவதற்கு டிக்கெட் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"என்ட்ட ஏன் சொல்லல?"

"யூ வேர் ஸோ ஹேப்பி."

மூக்கை உறிஞ்சினாள். ஆலையில் எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், கெட்டவர்கள் யாரும் இல்லை என்றாள். ஆனால் வேகமாகப் பேசுகிறார்களாம். அவள் வகுப்புக்குப் போய்ப் படிக்கிற பிரெஞ்சு அந்த வேகத்துக்கு ஓடவில்லையாம். அவள் இங்கிலீஷுக்கு மாறினால் அவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்களாம். சாப்பாட்டு நேரத்தில் துணி மாற்றுகிற அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். தங்கியிருப்பது ஒரு வீட்டின் அடித்தளத்தில், தனி வாசல்.

"யார்ட்டட்டி பேசுவ?"

"அம்மா. அப்பா. யூ."

"அங்கன?"

 பின்னால் ஒரு பிள்ளை மெத்தையில் பொத்தென்று விழுந்தது.

"பெறகு ஞாயித்துக்கெழம அங்க என்ன பண்ணுற?"

"இட்ஸ் வார்ம். அந்த லேடி உக்கார விடுவாங்க. ஷி டஸன்ட் ஆஸ்க் ஃபார் டிக்கெட்."

மேஜைக்குப் பின்னால் ஒரு அம்மா தெரிந்தாள். ஐம்பது வயது இருக்கும், நரைத்த குட்டை முடி, கழுத்தில் விசில். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான். கதவைத் திறந்த ஆள் யாரோ, பிள்ளையை அவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

"அந்த அம்மாட்ட போனக் குடு."

"தாத்தா, நோ. அவங்களுக்கு இங்கிலீஷே வராது."

"எனக்கும்தான் வராது. குடு."

கொடுத்தாள். அந்த அம்மா போனை எட்டப் பிடித்து என்னைப் பார்த்தாள். நான் கையைக் கூப்பினேன்.

"அம்மா, நான் இந்தப் புள்ளைக்குத் தாத்தா. இது எங்க வீட்டுப் புள்ள. ஒத்தையில இருக்கு. அப்பன் ஆத்தா வர முடியாது, எனக்கும் விட மாட்டேன்னுட்டாங்க. நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கிடணும். ஒண்ணும் செய்ய வேண்டாம். வந்தா வான்னு ஒரு வார்த்த, வரலன்னா ஏன் வரலன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான்."

அவள் கவனமாகக் கேட்டாள். குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும் நீளமாக ஏதோ சொன்னாள், மெதுவாக, கையை அசைத்து அசைத்து, கதவுப் பக்கம் காட்டி. குரல் கனிவாக இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓசூர்ச் சாமியார் ஞாபகம் வந்தது. போன் ஜெனி கைக்குத் திரும்பியது.

"என்ன சொன்னாவட்டி?"

அவள் கோட்டைக் கையில் எடுத்தாள்.

"க்ளோஸிங் டைம், தாத்தா. எல்லாரும் வெளிய போகணுமாம்."

சுவரின் மேலிருந்து விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து கூட்டிப்போனார்கள். ஜெனி கோட்டை மாட்டிக்கொண்டாள். வெளியே கை விறைக்கும் என்று, போனை வைக்காமல் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். படம் இருட்டாகிவிட்டது. பனியில் பூட்ஸ் அழுந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் ஒரு வண்டி கடந்து போனது. மற்றபடி அந்தக் கவுண்டியின் சனம் ஒருவர் குரலும் கேட்கவில்லை.

சவரியாயி மகனுக்கு நான் என்ன சொல்வது? ஆறு எங்கே என்று சொல்வேன், காடு எங்கே என்று சொல்வேன். எந்தக் கதவு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பூட்ஸ் சத்தம் நின்றது. சாவி திரும்பும் சத்தம், கதவு திறக்கும் சத்தம்.

"வந்துட்டியாட்டி?" என்று இங்கேயிருந்து நான் கேட்டேன். போன் பைக்குள் கிடந்தது. அவளுக்குக் கேட்டிருக்காது.